முடிவெட்டக் கிளம்பிய இளைஞர்

மாரிஸ் ஃபிராங்கைப் பற்றிப் பேசுபவர்கள், 1928இல் அவர் நியூயார்க்கின் நெரிசலான தெருவை நிருபர்கள் பார்க்க நாயோடு கடந்ததைத்தான் முதலில் சொல்வார்கள். எனக்கோ அதற்குச் சில வாரங்கள் முன்பு அவர் முடிவெட்டிக்கொள்ளப் போனதுதான் பெரிதாகப் படுகிறது.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்துக்காரர் அவர். 6 வயதில் ஒரு கண் போயிற்று. 16 வயதில், குத்துச்சண்டையில், மற்றொன்றும் போயிற்று. அதன்பின் முடிவெட்டக்கூட யாராவது கொண்டுபோய் விட வேண்டும். வெட்டி முடிந்த பிறகும், யாராவது வந்து அழைத்துப்போகும்வரை கடையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். பகலில் துணைக்குச் சம்பளத்துக்கு ஒரு பையன் இருந்தான். அவனுக்கு அலுப்புத் தட்டினால் அன்றைய பொழுது அவ்வளவுதான்.

போரில் பார்வையிழந்தவர்களுக்காக ஜெர்மனியில் நாய்களைப் பழக்குவது பற்றி, சுவிட்சர்லாந்தில் நாய்ப் பயிற்சி நடத்திவந்த டோரதி யூஸ்டிஸ் எழுதிய கட்டுரை 1927 நவம்பரில் வெளிவந்தது. அதைக் கேட்டறிந்த ஃபிராங்க், எனக்கும் ஒரு நாய் வேண்டும் என்று அவருக்குக் கடிதம் எழுதி, சுவிட்சர்லாந்துக்குக் கப்பல் ஏறினார். கப்பலில் அவரை ஒரு பார்சலைப் போலத்தான் நடத்தினார்கள். பணியாளர் ஒருவர் பொறுப்பில் விட்டு, அறையில் வைத்துப் பூட்டினார்கள். வெவே நகருக்கு மேலே மலையில் பயிற்சி. அவருக்குக் கிடைத்த பெண் ஜெர்மன் ஷெப்பர்டுக்கு ‘பட்டி’ என்று பெயர் வைத்தார். ஒருநாள் அதோடு முடிவெட்டும் கடைக்குத் தானே போனார், தானே திரும்பினார். யாருக்காகவும் காத்திருக்கவில்லை. 20 வயது இளைஞருக்கு அது எப்பேர்ப்பட்ட நாளாக இருந்திருக்கும்!

நாய்தான் அவரைக் கடைக்கு ‘அழைத்துப் போனது’ என்று நினைத்தால் விஷயம் பிடிபடாது. முடிவெட்டும் கடை எங்கே என்பது நாயின் கவலையில்லை. எத்தனையாவது திருப்பம், எந்தப் பக்கம் என்பதை மனிதர் மனத்தில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். நடைபாதை முடியும் விளிம்பில் நாய் நிற்கும். குழியைச் சுற்றிக் கொண்டுபோகும். தனக்கு இடிக்காத, ஆனால் மனிதரின் தலையில் இடிக்கக்கூடிய தாழ்ந்த கிளையையும் விலக்கிப் போகும். சாலையைக் கடக்க வாகனச் சத்தத்தைக் காதால் கணித்து ‘போ’ என்று சொல்பவர் மனிதர்தான். சொன்ன பிறகும் எதிரே கார் வந்தால் நாய் நகராது. அந்தக் கீழ்ப்படியாமையையும் பயிற்சியிலேயே சேர்த்திருக்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் மனிதத் துணைகளைப் பற்றிய யோசனை வருகிறது. நம்மீது அக்கறை உள்ளவர்கள் பெரும்பாலும் போகுமிடத்தையும் சேர்த்தே தீர்மானித்துவிடுகிறார்கள். பார்வையற்றவரைக் கண்டால் கேட்காமலே கையைப் பிடித்து இழுப்பதும், வயதான பெற்றோரை வெளியே விடாமல் வைத்திருப்பதும் அன்பினால்தான். ஆனால் அந்த அன்பில் அவர்கள் விருப்பத்துக்கு இடமில்லை. பட்டி, ஃபிராங்க் எங்கே போகலாம் என்பதில் ஒருநாளும் தலையிடவில்லை. காலடியில் ஆபத்து வந்தபோது மட்டும் நின்றது. பிறரைச் சாராமல் யாரும் வாழ்வதில்லை. சாய்ந்துகொண்டபோதும் திசை நம் கையில் இருக்கிறதா என்பதே எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது.

நியூயார்க் தெருவைக் கடந்த அன்று யூஸ்டிஸுக்கு அவர் அனுப்பிய தந்தியில் ‘வெற்றி’ என்ற ஒரே சொல். 1929 ஜனவரியில் இருவருமாக நாஷ்வில்லில் ‘தி சீயிங் ஐ’ பள்ளியைத் தொடங்கினார்கள். பிறகுதான் இன்னொரு சிக்கல் முன்னால் நின்றது. வழியெல்லாம் பத்திரமாக வந்தவரை, நாய்க்கு அனுமதியில்லை என்று வாசலில் தடுத்தால் என்ன செய்வது? ஃபிராங்க் ஊர் ஊராகப் போய் வாதாடினார். 1935க்குள் அமெரிக்க ரயில்கள் எல்லாம் வழிகாட்டி நாய்களை உடன் வர அனுமதித்தன; 1956க்குள் எல்லா மாநிலங்களிலும் பொது இடங்களுக்கான சட்டம் வந்துவிட்டது. அப்படியிருந்தும், நாயைக் கண்டதும் வாடகைக் கார் ஓட்டுநர்கள் ஏற்றாமல் போய்விடுவதாக அங்குள்ள பார்வையற்றவர்கள் இன்றும் புகார் சொல்கிறார்கள். அதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. திசையறிந்து, துணையோடு, தயாராக நிற்பவருக்குக் கதவைத் திறப்பது ஒன்றுதான் மற்றவர்கள் செய்ய வேண்டியிருந்தது.