இரண்டு பணம் யாருடைய பையிலிருந்து?



நான் ஒரு வக்கீல். விபத்து கேஸ்தான் என் தொழில். ரோட்டில் அடிபட்டவர்களுக்கும், உயிரை இழந்தவர்களின் குடும்பத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து நஷ்டஈடு வாங்கித் தருகிறவன்.

"இதெல்லாம் கர்த்தருக்குப் பிரியமான தொழிலா பிரதர்?" என்று சிலர் கேட்பதுண்டு. யாத்திராகமம் 21-ம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். ஒருவனை அடித்துப் படுக்கையில் தள்ளினவன், அவன் வேலை கெட்ட நாட்களுக்கு ஈடு கொடுத்து, வைத்தியமும் பார்க்கவேண்டும் என்பது கர்த்தருடைய கட்டளை. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 166-ம் பிரிவில் நாங்கள் போடும் மனுவும் வைத்தியச் செலவையும் வருமான இழப்பையும்தான் கேட்கிறது. தொழிலில் பாவம் இல்லை. பாவம் என் இருதயத்தில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு புரோக்கர் உண்டு. ஆம்புலன்ஸ் வந்தால் எனக்கு போன் வரும். ஓடுவேன். காயத்தைப் பார்க்க அல்ல, வக்காலத்தில் கையெழுத்து வாங்க!

2012-ல் 33 வயது கொத்தனார் ஒருவர் லாரி மோதி மரித்தார். மனைவி, இரண்டு பிள்ளைகள். 2009-ல் சுப்ரீம் கோர்ட் சரளா வர்மா வழக்கில் வகுத்த கணக்குப்படி, அவருடைய சொந்தச் செலவுக்கென்று மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, மீதி வருஷ வருமானத்தை 16-ஆல் பெருக்கினார்கள். பணம் வந்தது. "இதுல மூணுல ஒரு பங்கு எனக்கு" என்றேன். மரித்தவருக்காகக் கோர்ட் ஒரு பங்கைக் கழித்தது. உயிரோடிருந்த நான் இன்னொரு பங்கைக் கழித்தேன்!

கிடைக்கும் தொகையில் பங்கு பேசக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி. தெரிந்தே பேசினேன். 1987-ம் வருஷத்துச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், இலவச வக்கீல் உண்டு. தெரிந்தே மறைத்தேன்.

அந்தச் சகோதரி எண்ணிக் கொடுத்தார்கள். "பெரியவ படிப்புக்கு வெக்கலாம்னு இருந்தேன். பரவால்ல சார், நீங்கதான வாங்கிக் குடுத்தீங்க" என்று கும்பிட்டார்கள். அந்தக் கும்பிடு என்னைத் தூங்கவிடவில்லை.

அந்த வாரம் உபவாச ஜெபத்தில் லூக்கா 10-ம் அதிகாரம் வாசித்தார்கள். பிறன் யார் என்று இயேசுவிடம் கேட்டவன் யார்? ஒரு நியாயசாஸ்திரி. என்னைப்போல சட்டம் படித்தவன்! குற்றுயிராய்க் கிடந்தவனிடத்தில் கள்ளரும் வந்தார்கள், சமாரியனும் வந்தான். கள்ளர் அவனுடையதைப் பறித்தார்கள். சமாரியனோ தன் பையைத் திறந்து இரண்டு பணத்தைச் சத்திரக்காரனிடம் கொடுத்தான். "மகனே, இதில் நீ யார்?" என்று ஆவியானவர் கேட்டார். தரையில் விழுந்து அழுதேன்.

சகேயுவைப்போல நாலத்தனையாய்த் திருப்ப என்னிடம் வசதியில்லை. மோட்டார் சைக்கிளை விற்று, மூன்று தவணையில், வாங்கினதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். புரோக்கரை நிறுத்தினேன். இப்போது முதலிலேயே என் ஃபீஸைச் சொல்லி, ரசீது கொடுக்கிறேன். இலவசச் சட்ட உதவியையும் சொல்லிவிடுகிறேன். சிலர் அங்கே போய்விடுகிறார்கள். வருமானம் குறைந்தது உண்மை. ஆனால் தூக்கம் வந்தது. அல்லேலூயா!

பிரியமானவர்களே, நீங்கள் நர்ஸாக இருக்கலாம், வாத்தியாராக, வட்டிக்குக் கொடுக்கிறவராக இருக்கலாம். யாரோ ஒருவர் தன் காயத்தோடு உங்களிடம் வருகிறார். உங்கள் கை எங்கே போகிறது? அவர் காயத்துக்கா, அவர் பைக்கா?

இன்றைக்கே உங்களை ஆராய்ந்து பாருங்கள். திருப்பிக் கொடுக்கவேண்டியது இருந்தால் கொடுத்துவிடுங்கள். கர்த்தர்தாமே உங்களுக்குப் பெலன் தருவாராக. ஆமென்.