இரண்டு கண்கள், ஒரு காட்சி

ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள். நூல் ஊசிக் காதுக்கு முன்னால் போகும். இல்லாவிட்டால் பின்னால் போகும். ஊசி என்னவோ தெளிவாகத்தான் தெரிகிறது. அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது மட்டும் பிடிபடுவதில்லை. அதைச் சொல்ல இரண்டாவது கண் வேண்டியிருக்கிறது.

நம் இரு கண்களுக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டரை அங்குலம் இடைவெளி. ஆகவே இடக் கண் காண்பது வேறு, வலக் கண் காண்பது சற்றே வேறு. இந்தச் சிறு வேற்றுமையைக் கொண்டுதான் மனம் ஆழத்தை அறிகிறது என்று 1838-ல் சார்லஸ் வீட்ஸ்டோன் என்ற ஆங்கிலேயர் எடுத்துக்காட்டினார். அதற்காக அவர் செய்த கருவிதான் ஸ்டீரியாஸ்கோப். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது அடுத்த ஆண்டில்தான். அதனால் அவர் முதலில் காட்டியவை வெறும் கோட்டுச் சித்திரங்கள். பின்னால் புகைப்படம் அந்தக் கருவிக்குள் புகுந்துகொண்டது.

அந்தப் பழைய பெட்டிகளில் எனக்குப் பிடித்தவை கண்ணாடித் தகடுகளைச் செருகிப் பார்ப்பவை. பாரிஸில் ஜூல் ரிஷார் 1893-ல் வெளியிட்ட வெராஸ்கோப் காமிராவின் தகடு 45 மில்லிமீட்டருக்கு 107 மில்லிமீட்டர்; உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஒரே தகட்டில் பக்கம் பக்கமாக இரண்டு படங்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். பெட்டியில் வைத்துக் கண்களைப் பொருத்தினால் தூண் முன்னே வருகிறது, மண்டபம் பின்னே போகிறது. அந்த ஆழம் இடப் படத்திலும் இல்லை, வலப் படத்திலும் இல்லை!

இந்த வித்தை நம் சீமைக்கும் வந்தது. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த காப்டன் லின்னேயஸ் டிரைப் மதுரை, திருச்சி, தஞ்சாவூர்க் காட்சிகளை இத்தகைய இரட்டைப் படங்களாக 1858-ல் வெளியிட்டார். அவை காகிதப் படங்கள், தத்துவம் ஒன்றுதான். வேப்பந்தட்டைப் பகுதி அந்நாளில் திருச்சி ஜில்லாவைச் சேர்ந்தது.

கதை எழுதுகிறவனுக்கு ஊர்ப் பெயர் கிடைத்தால் போதும், கற்பனை ஓடத் தொடங்கிவிடும். வேப்பந்தட்டையில் ஓர் அண்ணனும் தம்பியும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கொஞ்சம் பருத்திக் காடு. பொதுவில் ஒரு கிணறு. பாகப்பிரிவினைப் பேச்சு வந்துவிட்டது.

“பட்டணத்தில் அரை வயிறு சாப்பிட்டுப் பணம் அனுப்பினேன். இந்தக் கிணறு என் காசு” என்கிறான் அண்ணன்.

“அண்ணன் பணம் அனுப்பியது நிஜம். பாறையை உடைத்தது நான். அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதும் நான்” என்கிறான் தம்பி.

இருவரும் பொய் சொல்லவில்லை. அண்ணனை மட்டும் கேட்டால் தம்பி நன்றி கெட்டவன். தம்பியை மட்டும் கேட்டால் அண்ணன் எங்கிருந்தோ வந்து உரிமை கொண்டாடுகிறவன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவனுக்கே, ஒரு குடும்பம் இரு முனைகளில் நின்று தன்னைக் காப்பாற்றிக்கொண்ட கதை தெரியும். கிணற்றின் ஆழமும் அப்போதுதான் தெரியும்.

அப்படியானால் எந்த வழக்கிலும் இரு தரப்பிலும் பாதிப் பாதி நியாயம் என்று சொல்லிவிடலாமா? கூடாது. பெட்டியே அதை மறுக்கிறது. ஒரு பக்கம் கோபுரத்தையும் மறு பக்கம் குதிரையையும் வைத்துப் பாருங்கள். மனம் அவற்றை ஒன்றாக்காது. கோபுரம் தெரியும்போது குதிரை மறையும். குதிரை வரும்போது கோபுரம் போகும். தம்பி கள்ளப் பத்திரம் ஒன்றைக் காட்டினால், அது அதே கிணற்றை வேறிடத்தில் நின்று பார்த்த பார்வையல்ல, வேறு படம். மெய்க்கும் பொய்க்கும் நடுவில் நிற்பதற்கு நடுநிலை என்று பெயரில்லை. எது பார்வை, எது புனைவு என்று தெரிய, பெட்டியை விட்டு எழுந்து கிணற்றடிக்கே போக வேண்டும். தீர விசாரிப்பதே மெய் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

பஞ்சாயத்தாருக்கு இதெல்லாம் எளிது. வழக்கில் நாமே ஒரு தரப்பாக இருந்தால்? அண்ணனுக்கு முகத்தில் இரண்டு கண்கள் இருந்தும், இந்த விஷயத்தில் அவனிடம் ஒரு படம்தான் இருக்கிறது. மற்றது தம்பியிடம் இருக்கிறது. “நீ பட்ட பாட்டைச் சொல்லு, தம்பி” என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்கு நாக்கு எழுவதில்லை. பங்கை விட்டுக்கொடுத்தாலும் கொடுப்போம். இதைக் கேட்க மாட்டோம்.

கண்ணாடித் தகடு கைதவறி விழுந்து சரியாக நடுவில் உடைந்தது என்று வையுங்கள். ஆளுக்கு ஒரு துண்டு. ஒவ்வொரு துண்டிலும் படம் முழுதாகவே இருக்கும்; யாருக்கும் எதுவும் குறைந்ததாகத் தோன்றாது. ஆழம் மட்டும் போயிருக்கும்.