மடியில் குழந்தையும் கையில் பாடநூலும்

நன்மைக்கும் தீமைக்கும் இடையே ஒன்றைத் தேர்வது எளிது. இரண்டு நன்மைகள் ஒரே வேளையில் வந்து வாசலில் நிற்கும்போதுதான் மனிதன் தடுமாறுகிறான். இளம் வயதிலேயே மணமாகிக் கையில் குழந்தையோடு இருக்கும் பெண்ணொருத்தி, விட்ட படிப்பைத் தொடர்ந்து செவிலியாகவோ மருத்துவராகவோ ஆக விழைகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் முன் நிற்பது இத்தகைய வினாவே. குழந்தையின் உரிமை ஒருபுறம். நோயுற்றோரின் தேவை மறுபுறம். இவற்றுள் எது முந்தியது?

'குழந்தையை விட்டுவிட்டுப் படிக்கப் போகிறாளே' என்று ஊர் பேசும். அப்பேச்சில் உண்மையே இல்லை என்று தள்ளிவிட இயலாது. பாடநூலை நாளைக்கும் விரிக்கலாம். மழலையின் முதற்சொல்லை நாளைக்குக் கேட்க முடியாது. ஆயினும் அதே ஊர், தன் வீட்டுப் பெண்ணுக்குப் பேறுகாலம் நெருங்கியதும், 'பெண் டாக்டர் இருக்கிறாரா?' என்றுதான் முதலில் விசாரிக்கிறது. அந்தப் பெண் டாக்டர் யார் வீட்டு மகள்? யார் வீட்டு மருமகள்? இதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

எண்ணிப் பார்த்த ஒரு தாயைச் சென்னை நகரம் கண்டிருக்கிறது. வழக்கறிஞரான கணவருடன் 1866-இல் இங்கிலாந்திலிருந்து வந்தவர் மேரி ஷார்லீப். ஆண் மருத்துவர் முன் வர இசையாத கோஷாப் பெண்கள் பிரசவ வேதனையில் உரிய சிகிச்சையின்றி மடிவதை அறிந்து அவர் உள்ளம் கலங்கினார். முதலில் பிரசவ ஆஸ்பத்திரியில் மருத்துவச்சிப் பயிற்சி பெற்றார். அது போதாதென உணர்ந்து, 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு முதன்முதலாகச் சேர்க்கப்பெற்ற நான்கு பெண்களுள் அவரும் ஒருவர். அப்போது அவருக்கு வயது முப்பது. இரண்டு ஆண் மக்களுக்கும் ஒரு பெண்ணுக்கும் தாய். 1878-இல் தேர்ச்சி பெற்று, பின்னர் இலண்டனில் பயின்று 1882-இல் பட்டமும் பெற்று, மறு ஆண்டே சென்னை திரும்பினார். அவருடைய முயற்சியால் 1885-இல் தொடங்கப்பெற்ற பெண்கள் மருத்துவமனையே இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாகத் திகழ்கிறது. திருவல்லிக்கேணி மக்கள் நாவில் அது இன்றும் 'கோஷா ஆஸ்பத்திரி'தான். எத்தனை முஸ்லிம் குடும்பங்களின் தலைமுறைகள் அங்கே பிறந்திருக்கும்! அதற்கு வித்திட்டது ஒரு தாய் மீண்டும் கையிலெடுத்த பாடநூல்.

'வசதி படைத்த வெள்ளைக்காரக் குடும்பத்தால் முடிந்தது. ரெட்டியார்சத்திரத்துப் பெண்ணால் முடியுமா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். திண்டுக்கல்லிலிருந்து பழனி செல்லும் சாலையிலுள்ள அவ்வூரில், காட்டு வேலையையும் அன்றாடக் கூலியையும் நம்பி வாழும் வீடுகள் பல. எனினும் வழி முன்போல் அடைபட்டிருக்கவில்லை. திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் திறக்கப்பட்டது. மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு இருந்த வயது உச்சவரம்பும் அதே ஆண்டில் நீங்கியது. செவிலியர் படிப்புகளும் உண்டு. இம்மாவட்டத்தில் 1947-இல் காந்திகிராமத்தை நிறுவிய டாக்டர் சௌந்தரம், இளமையிலேயே கணவரை இழந்து, அதன்பின் டில்லி சென்று மருத்துவம் பயின்று 1936-இல் பட்டம் பெற்றவர். மணத்தோடு பெண்ணின் கல்வி முடிந்துவிடுவதில்லை என்பதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை.

ஆகவே, இன்று அவளைத் தடுப்பது தூரமன்று. குழந்தையை யார் பார்ப்பது என்ற கேள்வியே. இங்கே நம் சட்டநூல்கள் வகுத்த ஒரு பாகுபாடு பெரிதும் துணை செய்யும். ஒவ்வொருவர் மீதும் தனித்தனியே விதியாவது பர்ளு ஐன். சமூகத்தின் மீது பொதுவில் விதியாகி, சிலர் நிறைவேற்றினால் ஏனையோரின் பொறுப்பு நீங்குவது பர்ளு கிஃபாயா. ஒருவருமே நிறைவேற்றாவிடில் அனைவரும் குற்றவாளிகள். மருத்துவக் கல்வியை இரண்டாம் வகையில் சேர்த்தார்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். எல்லாரும் சட்டக் கலைக்கே முந்திச் செல்ல, மருத்துவத்துக்கு ஆளில்லாத ஊர்களைக் குறித்து அவர்கள் தம் 'இஹ்யா'வில் வருந்தியிருக்கிறார்கள்.

'குழந்தை வளர்ப்பு தனிக்கடமை, மருத்துவம் பொதுக்கடமை. தனிக்கடமையல்லவா முந்தும்?' என்று சிலர் வாதிடுவர். வாதம் வலிமையானதே. ஆனால் அத்தனிக்கடமை தாய் ஒருத்தியின் தலையில் மட்டுமா சுமத்தப்பட்டது? பால்குடி பற்றிப் பேசும் அல்பகரா அத்தியாயத்தின் 233-ஆம் வசனம் செலவைத் தந்தையின் மீது வைக்கிறது. பால் மறக்கடிப்பதைப் பெற்றோர் இருவரின் இசைவுக்கும் கலந்தாலோசனைக்கும் விடுகிறது. குழந்தையின் பொருட்டுத் தாயும் துன்புறுத்தப்படலாகாது, தந்தையும் துன்புறுத்தப்படலாகாது என்கிறது. பங்கிட வேண்டிய சுமையை ஒருத்தியிடம் குவித்துவிட்டு, அவளால் நகர முடியவில்லை என்று சொல்வது நீதியாகாது.

பொதுக்கடமையின் தன்மையிலிருந்து இன்னொன்றும் பெறப்படுகிறது. ஊர் முழுவதன் பொறுப்பை ஒருத்தி சுமக்கும்போது, ஊர் முழுவதும் அவளுக்குக் கடன்பட்டிருக்கிறது. அக்கடன் வாழ்த்துரையால் தீராது. அவள் வகுப்பிலிருக்கும் நேரத்தில் குழந்தைக்குச் சோறூட்டும் அத்தாவால் தீரும். தேர்வு மாதத்தில் பேரனை மடியில் வாங்கிக்கொள்ளும் மாமியாரால் தீரும். கட்டணம் கட்ட இயலாதபோது பைத்துல்மாலைத் திறக்கும் ஜமாஅத்தால் தீரும்.

இதனால் ஒவ்வொரு தாயும் உடனே கல்லூரிக்குப் புறப்பட வேண்டும் என்பதில்லை. குழந்தை பால் மறக்கும்வரை பொறுப்பவளும் உண்டு. இல்லத்திலேயே நிறைவு காண்பவளும் உண்டு. அவர்கள் எவ்வகையிலும் தாழ்ந்தவர்கள் அல்லர். ஆற்றலும் ஆர்வமும் உடையவளை நாம் என்ன செய்கிறோம் என்பதே இங்குக் கேள்வி.

படிக்கப் புறப்படும் தாயிடம், 'குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்?' என்று கேட்பதில் தவறில்லை. ஆனால் கேட்பவர், 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லும் ஆயத்தத்தோடு கேட்க வேண்டும்.