கடுஞ்சொற்களுக்கு நடுவே கர்மயோகம்

அந்தமானின் தலைநகரிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் கடல் நடுவே அமைந்துள்ளது ஹேவ்லாக் தீவு. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை ஒடுக்கிய ஆங்கிலேயத் தளபதி ஒருவரின் பெயரைத் தாங்கியிருந்த இத்தீவு, 2018 டிசம்பர் 30 முதல் ஸ்வராஜ் த்வீப் என வழங்கப்படுகிறது. ஆயினும் பயணிகளின் நாவில் பழைய பெயரே இன்னும் நிலைத்திருக்கிறது. இங்குள்ள கிராமங்களின் பெயர்களோ எந்தத் தளபதியையும் அறியாதவை. கோவிந்த நகர், கிருஷ்ண நகர், சியாம் நகர், ராதா நகர்! நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்து குடியேறியவர்கள், வீட்டையும் வயலையும் இழந்த நிலையிலும் இழக்காமல் கொண்டுவந்தது பகவானின் நாமத்தை.

இத்தீவில் விமான நிலையம் இல்லை. வருவோரும் போவோரும் பெரும்பாலும் கப்பலையே நம்பியிருக்கிறார்கள். கடல் கொந்தளித்தால் கப்பல் நின்றுவிடும். அடுத்த நாள் காலை சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ விமானம் பிடிக்க வேண்டியவர் என்ன செய்வார்? தொலைபேசியை எடுப்பார். கப்பல் நிறுவனத்திலோ விடுதியின் வரவேற்பறையிலோ மறுமுனையில் பேசுபவர்மீது தம் பதற்றம் முழுவதையும் கொட்டித் தீர்ப்பார். 2016 டிசம்பரில் வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், பின்னர் வர்தா புயலாக வலுப்பெற்றுச் சென்னையைத் தாக்கியதைத் தமிழக மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்குச் சில நாட்கள் முன்பு அதே காற்றும் மழையும் ஹேவ்லாக்கிலும் அருகிலுள்ள நீல் தீவிலும் ஆயிரத்திற்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகளைச் சிறைப்படுத்தின. உதவிக்கு விரைந்த கடற்படைக் கப்பல்களே கடல் சற்றுத் தணியும்வரை காத்திருக்க நேர்ந்தது. கடற்படையாலும் அணுக முடியாத தீவிலிருந்து உடனே கப்பல் விடுமாறு ஒரு சாதாரண ஊழியரை அதட்டுவதில் என்ன பயன்? பயனில்லை என்பது அதட்டுபவருக்கும் தெரியும். தெரிந்தே அதட்டுவார்.

2020 ஆகஸ்டு 10-இல் சென்னையிலிருந்து 2,300 கி.மீ. நீளமுள்ள கடலடிக் கண்ணாடியிழைக் கம்பிவடம் அந்தமான் தீவுகளை இணைத்தது. ஹேவ்லாக்கும் அதில் இணைந்துள்ளது. அதுவரை செயற்கைக்கோளை நம்பி விட்டுவிட்டுக் கேட்ட குரல்களுக்குத் தெளிவான வழி பிறந்தது. நன்றி சொல்லும் குரலும் அவ்வழியே வரும். வசைச் சொல்லும் அவ்வழியே வரும்.

ஹேவ்லாக்கில் பருவகாலத்திற்கு ஒருமுறை நேர்வது, பெருநகரங்களின் அழைப்பு மையங்களில் ஒவ்வொரு மணி நேரமும் நேர்கிறது. சென்னை, பெங்களூரு, குர்கான் என்று எங்கும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் காதில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு இரவெல்லாம் அமர்ந்திருக்கிறார்கள். ஓர் அழைப்பு முடிந்ததும் அடுத்தது காத்திருக்கிறது. ஒவ்வொரு சொல்லும் பதிவாகிறது. எத்தனை நிமிடம் பேசினார் என்பதும் கணக்கிடப்படுகிறது. திட்டினாலும் குரலில் புன்னகை குறையக் கூடாது. விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்போரையும் ஆராய்ந்த ஆர்லி ஹோக்‌ஷீல்டு என்னும் அமெரிக்கச் சமூகவியல் அறிஞர், உள்ளத்தின் உணர்ச்சியையே கூலிக்குத் தரும் இந்த நிலையை 1983-இல் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கினார். மூட்டை தூக்குபவரின் தோள் வலிப்பதுபோல் இவர்களுக்கு உள்ளம் வலிக்கிறது. தோள்வலி உறங்கினால் தீரும். இவர்களுக்கு உறக்கமும் பகலில்தான்.

இத்தகைய பணியில் இருப்பவருக்கு ஆன்மிகம் என்ன செய்ய முடியும்? 'எல்லாம் மாயை, பொருட்படுத்தாதே' என்று கூறிவிடுவது எளிது. அதிகாலை மூன்று மணிக்கு, நாற்பதாவது அழைப்பில், தாயைப் பழித்து ஒருவர் பேசும்போது அந்த உபதேசம் நினைவுக்கு வராது. உடலைப் பட்டினி போட்டு, உறக்கத்தைக் கெடுத்துக்கொண்டு யோகம் பயில முடியாது என்பதைக் கீதையின் ஆறாம் அத்தியாயத்திலேயே பகவான் தெளிவுபடுத்திவிட்டார். ஆகவே பொறுமைக்கான முதல் சாதனை, பணி முடிந்து வீடு திரும்பியதும் கைப்பேசியை அணைத்துவிட்டு, சன்னலுக்குத் திரையிட்டு நன்றாக உறங்குவது. இதைச் சாதனை என்று கூறுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அர்ஜுனனுக்குக் கூறப்பட்டது இதுவே.

அடுத்து வருவது விசாரம். திட்டுபவர் யாரைத் திட்டுகிறார்? மறுமுனையில் இருப்பவரின் முகத்தை அவர் கண்டதில்லை, ஊரை அறியார். அவர் திட்டுவது வராத கப்பலை, தவறாக வந்த கட்டணச் சீட்டை, சில நேரங்களில் வீட்டில் தமக்கு நேர்ந்த ஓர் அவமானத்தை. இரண்டாயிரமாம் ஆண்டுகளில் வெளிநாட்டு அழைப்புகளைக் கையாண்ட நம் இளைஞர்கள் பலருக்குப் பணிக்கென ஒரு மேலைநாட்டுப் பெயர் சூட்டப்பட்டது. வசை முழுவதும் அந்தப் பெயரின்மீது விழுந்தது. முருகனும் மீனாட்சியும் பணி முடிந்ததும் அதைக் கழற்றி வைத்துவிட்டு வீடு திரும்பினார்கள். வேதாந்தம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது: பெற்றோர் இட்ட பெயரும் அவ்வாறு மேலே சூட்டப்பட்டதே. அதற்கும் உள்ளே சாட்சியாக இருப்பதை எந்தச் சொல்லும் தொட்டதில்லை.

துன்பங்களைத் தாங்கிக்கொள்ளும் திதிக்ஷை என்னும் பண்பிற்கு ஆதிசங்கரர் மூன்று அடையாளங்களைக் காட்டுகிறார்: பதிலுக்குத் தாக்காமை, கவலைப்படாமை, புலம்பாமை. முதலாவதை வேலை போய்விடும் என்ற அச்சமே காத்துவிடுகிறது. அதில் பெருமை கொள்ள ஒன்றுமில்லை. பெரும்பாலோர் தவறுவது மூன்றாவதில். பத்து நிமிடத்தில் முடிந்துபோன வசையைத் தேநீர் இடைவேளையில் ஒருமுறை, வண்டியில் ஒருமுறை, வீட்டில் ஒருமுறை தாமே திரும்பச் சொல்லிக் காட்டுகிறோம். அழைத்தவர் ஒரு தடவைதான் திட்டினார். மற்ற மூன்றும் நம் வாயிலிருந்து வந்தவை. மனம் விட்டுப் பேசுவது வேறு. அதற்கு நல்ல நண்பர் ஒருவர் வேண்டும், ஒரு தடவை போதும்.

பொறுமை என்பது மிதிபட்டுக் கிடப்பது அன்று. பிரம்மசாரியிடம் உபதேசம் பெற்ற நாகம் கடிப்பதை விட்டது. சிறுவர்கள் அதைக் கல்லால் அடித்துக் குற்றுயிராக்கினர். கடிக்காதே என்றுதான் கூறினேன், சீறக் கூடாது என்று கூறவில்லையே என்று பிரம்மசாரி அதைக் கடிந்துகொண்டார். பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் இக்கதையைக் கூறியது காட்டில் வாழும் துறவிகளுக்காக அன்று, உலகில் பலருடன் பழகி வாழ வேண்டிய இல்லறத்தாருக்காக. ஆபாசமாகப் பேசும் ஒருவரிடம் "இவ்வாறு பேசினால் இணைப்பைத் துண்டிக்க நேரிடும்" என்று உறுதியாகக் கூறுவதும், மேலாளரிடம் முறையிடுவதும் சீறலே, விஷம் அன்று. மேலாளர் கேட்கவில்லை என்றால், உடல்நலம் குலைகிறது என்றால், வேறு பணி தேடுவதும் அதர்மம் ஆகாது.

அன்னை ஸ்ரீசாரதா தேவியாரின் ஜெயராம்பாடி வீட்டில் மனநலம் குன்றிய அவரது தம்பி மனைவி வாழ்ந்தார். நாள்தோறும் அன்னையின் காதில் விழுந்தது அவரது வசைமொழி. அன்னைக்குப் பணி நேரம் முடிந்தது என்று ஒன்று கிடையாது. ஒரு முறை எல்லை மீறிப்போன தருணத்தில் அன்னையின் வாயிலிருந்தும் ஒரு கடுஞ்சொல் வெளிவந்தது. மறுகணமே நாவைக் கடித்துக்கொண்டு, என்ன கூறிவிட்டேன் என்று குருதேவரிடம் முறையிட்டுக் கலங்கினார். அந்தப் பெண்மணியை அவர் வீட்டைவிட்டு அனுப்பவில்லை.

ஹேவ்லாக்கின் வங்க மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவந்த வரலாறு ஒன்று இங்கு நினைக்கத் தக்கது. நவத்வீபத்தில் ஸ்ரீசைதன்யர் நித்யானந்தரையும் ஹரிதாசரையும் அழைத்து, வீடு வீடாகச் சென்று கிருஷ்ண நாமத்தைச் சொல்லுமாறு மக்களை வேண்டிக்கொள்ளப் பணித்தார். அழையாத வாசலில் நின்று, கேளாத ஒன்றைக் கூறும் பணி! சிலர் வரவேற்றனர், பலர் ஏசினர், திருடர் என்று துரத்தியோரும் உண்டு. அந்நகரில் ஜகாய், மாதாய் என்ற குடிகாரச் சகோதரர்கள் இருவர் ஊரையே நடுங்க வைத்திருந்தனர். நித்யானந்தர் அவர்களையும் விடவில்லை. ஓர் இரவு மாதாய் உடைந்த பானையோட்டால் அவரது நெற்றியில் அடித்தான். இரத்தம் பெருகியது. மீண்டும் ஓங்கிய கையை ஜகாய் பிடித்து நிறுத்தினான். செய்தி கேட்டு விரைந்து வந்த சைதன்யர் சினம் பொங்கச் சுதர்சனச் சக்கரத்தை அழைத்தார். அடிபட்டவரோ இடையே நின்று, இவர்களை எனக்குப் பிச்சையாகத் தர வேண்டும் என்று மன்றாடினார்; தாம் பிறவிதோறும் ஈட்டிய புண்ணியம் ஏதேனும் இருந்தால் அது மாதாய்க்கே ஆகட்டும் என்றார்.

மனம் திருந்திய மாதாய்க்கு ஒரு துயரம் மட்டும் நீங்கவில்லை. நித்யானந்தரிடம் மன்னிப்புப் பெற்றாயிற்று. ஆனால் போதையில் எத்தனையோ பேரை ஏசியும் அடித்தும் இருக்கிறானே, அவர்கள் யார் என்றே தெரியாதபோது யாரிடம் சென்று மன்னிப்புக் கேட்பது? நித்யானந்தர் வழி கூறினார்: கங்கையின் படித்துறையைச் செப்பனிட்டு, நீராட வருவோர் அனைவரையும் வணங்கு, அவர்களில் உன்னால் துன்புற்றோரும் இருப்பர். அன்று முதல் மாதாய் தானே மண்வெட்டி பிடித்துத் துறையைச் சீர்ப்படுத்தி, அங்கு வந்த ஒவ்வொருவரிடமும், முகம் அறிந்தவரோ அறியாதவரோ, பொறுத்தருள வேண்டும் என்று விழுந்து வணங்கினான். அத்துறை மாதாயின் துறை என்றே பெயர் பெற்றது.