ஏந்திய கைகள்



முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நம் பாட்டிமார்களைக் கேட்டுப் பாருங்கள். பலருக்குத் தலைப்பிரசவமே வீட்டில்தான். இடுப்புவலி கண்டதும் ஆள் ஓடும், மருத்துவச்சி வந்துவிடுவார். அடுப்பில் வெந்நீர், கிண்ணத்தில் விளக்கெண்ணெய், துவைத்து மடித்த பழைய சேலைத்துணி. முதுகைத் தாங்கிப் பிடித்தபடி, "பயப்படாத தாயி, தலை தெரியுது" என்று ஒரு குரல். இன்று மருத்துவமனைக்குப் போகிறோம். போகத்தான் வேண்டும், வீட்டுப் பிரசவத்தில் தாயையே பறிகொடுத்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு.

விடுதலைப் பயண நூலின் முதல் அதிகாரத்தில் சிப்ரா, பூவா என்று இரு மருத்துவச்சிகள் வருகிறார்கள். எபிரேய ஆண் குழந்தைகளைப் பிரசவ வேளையிலேயே கொன்றுவிடச் சொன்னான் பார்வோன். கடவுளுக்கு அஞ்சியதால் அவர்கள் கொல்லவில்லை. கேட்டதற்கு, நாங்கள் போய்ச் சேருவதற்குள் எபிரேயப் பெண்கள் பெற்றுவிடுகிறார்கள் என்று ஒரு சாக்குச் சொன்னார்கள். (எனக்கு மிகவும் பிடித்த சாக்கு அது!) அந்த மன்னனின் பெயரை நூல் சொல்லவே இல்லை. இவர்கள் பெயரை மறக்கவில்லை.

நம்மை ஏந்தியவரின் பெயர் நமக்குத் தெரியுமா? வலி வந்த இரவில் உள்ளறை வரை அழைத்துப்போனோம். பிள்ளைக்குப் பெயர் வைத்த நாளில் அதே பெண்ணைத் திண்ணையோடு நிறுத்தி, தனிக் குவளையில் காப்பி கொடுத்தோமா இல்லையா? செபமாலை சொல்லும் வீடுகளிலும் இது நடந்தது. ஆண்டவர் முன்னிலையில் இதை ஒத்துக்கொள்வோம். மனம் வருந்துவோரை அவர் தள்ளிவிடுவதில்லை.

திருச்சபை அந்தக் கைகளை நம்பியது. 1917-இல் வெளியான திருச்சபைச் சட்டத்தொகுப்பு, ஆபத்து வேளையில் திருமுழுக்குக் கொடுக்கும் முறையை இறைமக்கள், குறிப்பாகப் பிரசவம் பார்க்கும் பெண்கள், நன்கு அறிந்திருக்கும்படி பங்குத்தந்தை பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது. மூச்சுத் திணறும் சிசுவின் தலையில் ஒரு கை தண்ணீர், தந்தை மகன் தூய ஆவியின் பெயர். முறையாகக் கொடுத்திருந்தால், குழந்தை பிழைத்து ஆலயத்துக்கு வந்தாலும் குருவானவர் மறுபடி திருமுழுக்குக் கொடுப்பதில்லை.

அந்தத் தண்ணீர் விழுமுன்பே பிள்ளையை இழந்த அம்மாக்களே, உங்களை மறந்து நான் பேசவில்லை. "என் பிள்ளை எங்கே இருக்கும், சாமி?" என்று இந்தக் கோவில் வாசலில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 1261-ஆம் எண்ணில், அக்குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்திடமே ஒப்படைக்கிறது. சிறுவரைத் தம்மிடம் வரவிடச் சொன்ன இயேசுவின் கனிவை நினைத்து, அவர்களுக்கு மீட்பு உண்டென எதிர்நோக்கச் சொல்கிறது. தாயின் வயிற்றிலிருந்து தன்னை வெளியே எடுத்தவர் கடவுளே என்கிறது 22-ஆம் திருப்பாடல். மருத்துவச்சியின் வேலையைத்தான் அங்கே கடவுள் செய்கிறார்! இரத்தத்தைக் கண்டு கூசாத கைகள் அவருடையவை. சிலுவையில் நம் ஆண்டவர் கதறியதும் அந்தத் திருப்பாடலின் தொடக்கத்தைத்தான்.

இப்போது மன்றாட்டுக்கு எழுந்து நிற்போம். அந்தக் குழந்தைக்கு வைக்க நினைத்திருந்த பெயரை மனதுக்குள் சொல்லுங்கள், அம்மா. மற்றவர்கள், உங்களை ஏந்திய மருத்துவச்சியின் பெயரைச் சொல்லுங்கள். தெரியாதவர்கள் வீட்டுக்குப் போனதும் பெரியவர்களிடம் கேளுங்கள்.