சுக்கு உணர்த்தும் அறம்

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் மூன்று, மருந்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அவற்றுள் கணிமேதாவியாரின் ஏலாதியும் காரியாசானின் சிறுபஞ்சமூலமும் ஜைனச் சான்றோர் அருளியவை. அறநூலுக்கு மருந்தின் பெயர் எதற்கு?

ஏலாதிச் சூரணத்தில் ஏலம் 1 பங்கு, இலவங்கப்பட்டை 2, சிறுநாவற்பூ 3, மிளகு 4, திப்பிலி 5, சுக்கு 6 பங்கு. பெயர் மணமுள்ள ஏலத்துக்கு. பெரும்பங்கோ காரமுள்ள சுக்குக்கு. அறமும் இத்தகையதே. கேட்க இனிய சொல் ஒரு பங்கு என்றால், கடைப்பிடிக்கும் உறுதி ஆறு பங்கு வேண்டும்.

சுக்கு மற்றொன்றையும் உணர்த்துகிறது. மண்ணில் ஊன்றினால் இஞ்சி முளைக்கும், சுக்கு முளைக்காது. ஆதலின் பச்சை இஞ்சியை விலக்கும் விரதியரும் சுக்கை ஏற்கின்றனர். ரசவாதிகள் செம்பைப் பொன்னாக்க விழைந்தனர். ஒன்றை வேறொன்றாக்கும் ஆசை அது. ஜினநெறியோ உயிரை வேறொன்றாக்க முற்படுவதில்லை. மண்ணும் கல்லும் கலந்த பொன்னை உருக்கி மாசகற்றினால் பொன்னே விளங்குவதுபோல, வினை நீங்க உயிரின் இயல்பு விளங்கும் என்கிறது. தவத்தின் வெம்மையில் உலர்ந்த வினை, மீண்டும் பிறவியாய் முளைப்பதில்லை.

மருந்து அறத்தின் சின்னமாயின், அதை உண்ணும் முறையும் அறத்தோடு பொருந்த வேண்டுமன்றோ? சூரணத்தைத் தேனில் குழைத்து உண்ணுமாறு வைத்தியர் கூறினால் என் செய்வது என்பது திண்டிவனம், விழுப்புரம் பகுதிகளில் வாழும் நம் குடும்பங்களுக்குப் புதிய வினா அன்று. கள், ஊன், தேன் மூன்றையும் விலக்குதல் சிராவகரின் அடிப்படை ஒழுக்கம். தேனீக்களின் துன்பத்தை நம் நலத்துக்கு விலையாக்குதல் தகாது. வைத்தியரிடம் விரதத்தைத் தெரிவித்து, வெந்நீர், நெய், பனைவெல்லம் ஆகியவற்றுள் எது ஏற்றது எனக் கேட்டறிதலே முறை. கேட்கக் கூசி மருந்தையே கைவிடுதல் முறையன்று.

மாற்று இல்லையெனின்? விரதம் ஏற்றவர் தம் உடலளவில் உறுதி காக்கலாம். நோயுற்ற குழந்தைக்கு மருந்தை மறுத்துவிட்டு, விரதம் காத்தோம் என்பது அஹிம்சை ஆகாது. காக்கப்பட வேண்டிய உயிர்களுள் அக்குழந்தையும் ஒன்று. உணவு, மருந்து, கல்வி, அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் மருந்துக்கும் இடமளித்த நெறி நம்முடையது.

மருந்தை நம்பினால் மட்டும் நோய் தீராது, அதன் குணத்தை அறிந்தால் மட்டும் தீராது, உட்கொள்ளவும் வேண்டும். நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணியும் அவ்வாறே ஒருங்கு கூடியே பிறவிநோய் தீர்க்கும்.