தூக்கிச் செல்லப்படாத எறும்பு

சோம்பேறியை எறும்பிடம் அனுப்பிவைக்கிறது நீதிமொழிகள் நூல். எந்த எறும்பிடம் என்று அது கூறவில்லை. வெப்பமண்டல எறும்புகளுள் இரு வகைகளைப் பற்றி அறிந்தது முதல், இக்கேள்வி நம்மை விட்டு அகலவில்லை.

ஒன்று பிரேசில் நாட்டது. ஃபொரேலியஸ் புசில்லஸ் என்பது அதன் அறிவியற்பெயர். பொழுது சாயும் வேளையில் இவை புற்றின் வாயிலை மணலால் அடைக்கின்றன. ஒன்று முதல் எட்டு எறும்புகள் வரை வெளியே நின்று, வாயில் இருந்த சுவடே தெரியாதபடி மணலை உதைத்து மூடுகின்றன. பிறகு அவை உள்ளே திரும்புவதில்லை. அவற்றுள் பெரும்பாலானவை விடியலைக் காண்பதில்லை என்பதை 2008-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

மற்றொன்று, சகாராவுக்குத் தெற்கே கறையான் வேட்டையாடி வாழும் மெகபோனேரா அனாலிஸ். கறையானின் கடியில் காலிழந்த எறும்பை மற்றவை புற்றுக்குத் தூக்கி வருகின்றன. காயத்தை நக்கித் தூய்மை செய்கின்றன. ஐவரி கோஸ்ட்டின் கொமோயே தேசியப் பூங்காவில் நடந்து, 2018-இல் வெளியான ஆய்வின்படி, இப்பணிவிடை கிட்டாத எறும்புகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 80 ஒரே நாளில் இறந்தன. கிட்டியவற்றில் 10 மட்டுமே இறந்தன.

இதுவன்றோ நல்ல சமாரியர்! மறையுரையில் நாமும் அப்படித்தான் முழங்கினோம். முழு விவரத்தைப் படித்த பின்னரே நாணினோம். ஓரிரு கால்களை இழந்த எறும்பே தூக்கப்படுகிறது; அது நலம்பெற்று மீண்டும் வேட்டைக்குப் போகும். ஐந்து கால்களை இழந்ததோ, தொட வருவோர்க்கு ஒத்துழையாமல் துடித்துப் புரள்கிறது, அங்கேயே விடப்படுகிறது.

எறும்புக்குப் பாவமுமில்லை, புண்ணியமுமில்லை. அறிவும் விருப்புறுதியும் உள்ள செயலே அறச்செயல் எனப் புனித தோமா அக்குவினாரிடம் கற்றவர்கள் நாம். ஆனால் மக்களுக்காக ஒருவர் சாவது நலமென்று கணக்கிட்ட கயபாவுக்கு இரண்டும் இருந்தன. நமக்கும் இருக்கின்றன.

நோயில்பூசுதல் வழங்க ஒரு முதியவரிடம் சென்றிருந்தோம். தேற்ற வந்தோரையெல்லாம் ஏசி விரட்டியவர். நெற்றியில் எண்ணெய் பூசியபோது நம் கையையும் தட்டிவிட்டார். “இவரோடு யாரும் ஒத்துப்போக முடியாது, சாமி” என்றார்கள் உறவினர். மணமாகாத மூத்த மகள் மட்டும் அந்தக் கையைப் பற்றியபடி அமர்ந்திருந்தார். அவருடையது பெருந்தியாகம் என்று வாசலில் நின்று புகழ்ந்தார்கள், நாமும் தலையசைத்தோம். இந்த வாழ்வை அவரே விரும்பி ஏற்றாரா என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அன்று அவர் சாப்பிட்டாரா என்று கேட்கக்கூட நமக்குத் தோன்றவில்லை.